டிராக்டர் வீட்டுக் காளை!

ஹாஸ்டல் ரூம் சுவரில் போஸ்டராக... செல்போனில் வால்பேப்பராக... பைக் டேங்க்கில் ஸ்டிக்கராக... எங்கே பார்த்தாலும் தலையைக் குனிந்து, கொம்பை நீட்டி முட்ட வரும் அந்தத் தங்க நிறக் காளை. அதன் மேலே ஒரே ஒரு பெயர் - லம்போர்கினி!

இந்தியாவில் இந்தக் கம்பெனியின் கார் ஒன்றை வாங்க 4 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். (ஆன்-ரோடு விலை கேட்டால் மயக்கம் வரும். கேட்காதீங்க!)

'சரி பாஸ்... இந்தக் கார் நம்ம போடிமெட்டு ஏறுமா?' - போடி காலேஜ் பசங்களிடம் இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டால் கேன்டீன் டீ ஆறிப்போகும் வரை பேச்சு ஓடும். 17 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் சரிந்து கிடக்கும் மண், எதிரே ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கும் ஜீப்... தரைக்கும் வயிற்றுக்கும் ஒரு ஜாண் இடைவெளிகூட இல்லாத கார் இங்கே வந்து என்ன பாடுபடும்?

சிரிக்கலாம். ஆனால், ஒரு விஷயம் தெரிந்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அந்தக் காரும் இந்த ஜீப்பும் பங்காளி முறை! ரெண்டுமே இரண்டாம் உலகப்போர் மிச்சம் வைத்துவிட்டுப் போன சமாசாரத்திலிருந்து வந்தவை. இன்னொரு மேட்டரும் இருக்கு. லம்போர்கினி என்ற பெயரை முதலில் சுமந்தது கார் இல்லை... வயலில் உழும் டிராக்டர்!

ஜீப் வந்த வழி!

போடியில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் மழைக்கு பிளாஸ்டிக் ஷீட்டுமாக ஏறும் தொழிலாளர்களை அள்ளிக்கொண்டு போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கமுள்ள ஏலத்தோட்டங்களுக்குப் பறக்கும். சாயங்காலம் அதே ஜீப் அதே ஆட்களோடு இறங்கி வரும். அந்த மலைக்கு இந்த வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது.

ஜீப் என்பதே அமெரிக்க ராணுவத்துக்காகப் போர்க்காலத்தில் அவசர அவசரமாகச் செய்த வண்டி. சேறு, பாறை, ஓடை எதுவானாலும் ஏறி இறங்க வேண்டும். உடைந்தால் நின்ற இடத்திலேயே ரிப்பேர் பார்க்க முடியவேண்டும். அவ்வளவுதான் கண்டிஷன். போர் முடிந்ததும் 1940-களின் கடைசியில் அந்த வில்லிஸ் ஜீப்பை மும்பையில் பூட்டி விற்க ஆரம்பித்தது மஹிந்திரா. நம்ம ஊர் மெக்கானிக்குகள் அதைப் பிரித்து, மாட்டி, வெல்டிங் வைத்து ஏலமலைக்கே சொந்தப் பிள்ளையாக ஆக்கிவிட்டார்கள்.

கிட்டத்தட்ட அதே வருஷங்களில், இத்தாலியிலும் ஒரு மெக்கானிக் போர்க்களத்து இரும்பைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஃபெருச்சியோ லம்போர்கினி.

திராட்சைத் தோட்டத்துப் பையன்!

1916 ஏப்ரல் 28-ல் வட இத்தாலியில் ரெனாட்சோ என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஃபெருச்சியோ. அப்பா, அம்மா இருவரும் திராட்சை விவசாயிகள். மகனும் மண்ணைக் கிளறுவான் என்று எதிர்பார்த்தார்கள். மகனோ மண்ணைக் கிளறும் கருவிகளைக் கிளறிக்கொண்டிருந்தான். 'இவனை வயலில் விட்டால் பிரயோஜனம் இல்லை' என்று புரிந்துபோய், தொழில்நுட்பப் பள்ளியில் சேர்த்தார்கள்.

1940-ல் இத்தாலி விமானப்படையில் மெக்கானிக் வேலை. ரோட்ஸ் என்ற தீவில் போஸ்டிங். தீவு என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் சுலபத்தில் வராது. இருப்பதை வைத்துத்தான் வண்டியை ஓடவிட வேண்டும். கழற்றின நட்டைக்கூட வீசக் கூடாது! அந்தத் தீவில் வாகனப் பராமரிப்புப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார். போர் முடிந்தபோது பிரிட்டிஷ்காரர்களிடம் கைதி. 1946-ல்தான் ஊர் திரும்ப முடிந்தது.

திரும்பிய ஊரில் என்ன நிலைமை? வயல் இருக்கிறது. உழ டிராக்டர் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. ஆனால் ராணுவங்கள் விட்டுப்போன லாரி, என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. எல்லோர் கண்ணுக்கும் பழைய இரும்பு. தீவில் வேலை பார்த்துவிட்டு வந்த மெக்கானிக் கண்ணுக்கு அது அத்தனையும் டிராக்டர்!

பெட்ரோல்ல ஸ்டார்ட்... டீசல்ல ஓட்டம்!

ராணுவ உபரியில் கிடைத்த மோரிஸ் லாரி என்ஜின்களை எடுத்து டிராக்டர் செய்தார் ஃபெருச்சியோ. அங்கே ஒரு சிக்கல். அவை பெட்ரோல் என்ஜின்கள். இத்தாலியில் அப்போது பெட்ரோல் விலை விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. டீசல் மலிவு.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? எரிபொருளைச் சூடாக்கி ஆவியாக்கும் ஒரு கருவியை என்ஜினில் சேர்த்தார். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ண வேண்டியது. என்ஜின் சூடானதும் டீசலுக்கு மாற்றிவிட வேண்டியது. செலவு குறைந்துவிடும்!

இதைக் கேட்டதும் உங்க தாத்தாவுக்கு ஆச்சரியம் வராது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பம்புசெட்டை நம்ம ஊர்த் தோட்டங்களில் அவர் பார்த்திருப்பார். அதே லாஜிக்தான்.

1948-ல் டிராக்டர் கம்பெனி பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இத்தாலியின் பெரிய விவசாய இயந்திர கம்பெனிகளில் ஒன்றாகவும் வளர்ந்தது. 1960-ஐ ஒட்டி, வீடுகளைச் சூடாக்கும் பர்னர்கள், ஏர் கண்டிஷனர்கள் என்று அடுத்த தொழிலும் சூடு பிடித்தது. கார் என்ற பேச்சே இல்லாத காலத்தில் மனிதர் கோடீஸ்வரர்!

நடுவில் ஒரு காமெடியும் உண்டு. 1948-ல் மில்லே மிலியா என்ற இத்தாலியின் புகழ்பெற்ற நெடுஞ்சாலை ரேஸில், தன் கையால் மாற்றியமைத்த குட்டி ஃபியட் காரில் கலந்துகொண்டார். 1,100 கிலோமீட்டர் தூரம் ஓட்டியபின், ஒரு ஹோட்டல் சுவரில் போய் மோதி நின்றார். சாப்பாட்டு ஹோட்டல்! 'பசி வந்திருக்கும் போல' என்று அந்த ஊர்க்காரர்கள் கலாய்த்திருக்கக் கூடும்.

கிளட்ச் தேய்ஞ்ச கதை!

இப்போ வருகிறோம், யூ-டியூபில் எல்லோரும் கேட்ட அந்தக் கதைக்கு.

பணம் வந்ததும் நல்ல நல்ல கார்களாக வாங்கினார் ஃபெருச்சியோ. மெர்சிடிஸ், ஜாகுவார், மசராட்டி... கடைசியில் ஃபெராரி. ஃபெராரியின் என்ஜின் பிரமாதம். ஆனால் கிளட்ச் அடிக்கடி தேய்ந்துபோனது.

கிளட்ச் பற்றி போடி ஜீப் டிரைவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றைக் கியர்பாக்ஸுக்கு அனுப்புவதா, வேண்டாமா என்று தீர்மானிப்பது நடுவில் இருக்கும் ஒரு உராய்வுத் தட்டு. பெடலைப் பாதி மிதித்த நிலையில் தட்டு முழுசாகப் பிடிக்காது, முழுசாக விடவும் செய்யாது. வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடானால் தேய்மானம். பாரத்தோடு பதினோராவது வளைவில் பாதி கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைத்தால் கருகல் வாடை மூக்கைத் துளைக்கும். பழகின கால் அப்படி நிற்காது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சரியான நொடியில் விடுவித்து, சட்டென்று ஏறும்.

ஃபெருச்சியோவின் ஃபெராரியில் என்ஜின் பலத்தைத் தாங்கும் அளவுக்கு கிளட்ச் இல்லை. புகார் சொல்ல என்ஸோ ஃபெராரியிடமே போனார். 'உனக்கு டிராக்டர் ஓட்டத்தான் தெரியும். ஃபெராரி ஓட்டத் தெரியாது' என்கிற மாதிரி பதில் வந்தது. வீட்டுக்கு வந்து காரைப் பிரித்தால், உள்ளே இருந்தது தன் டிராக்டரில் போடும் அதே கம்பெனி கிளட்ச்! அதைவிடப் பெரிய டிராக்டர் கிளட்ச்சை மாட்டினார். பிரச்னை தீர்ந்தது. 'நானே கார் செய்கிறேன் பார்' என்று சபதம்...

சினிமாவுக்கு இன்டர்வெல் பிளாக் ரெடி! ஆனால் இது ஃபெருச்சியோ பல வருஷம் கழித்து, வயதான காலத்தில், பேட்டிகளில் சொன்ன வெர்ஷன். எதிர்த்தரப்பு வாக்குமூலம் நம்மிடம் இல்லை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம்.

உண்மையிலேயே கோபம் வந்திருக்கட்டும். கோபம் மட்டும் கார் செய்யுமா? அவமானப்பட்ட ஒவ்வொருத்தரும் அன்றே ஃபேக்டரி ஆரம்பித்தால் நம்ம ஊரில் பெட்டிக்கடைகளைவிட ஃபேக்டரிகள் அதிகம் இருக்கும்! அவரிடம் கோபத்தோடு இன்னும் நாலு இருந்தது. 15 வருஷம் இயந்திரம் செய்த அனுபவம், டிராக்டரில் சம்பாதித்த பணம், பாகங்கள் எங்கே என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற கணக்கு, நாலாவதாக அவர் பிறந்த ஊர்ப்பக்கம்.

ஊர்ப்பக்கம் என்பது சும்மா இல்லை. ஃபெராரியின் மரனெல்லோ, மசராட்டியின் மோடெனா, லம்போர்கினி ஃபேக்டரி எழுந்த சான்ட் அகாட்டா... மூன்றும் ஏறக்குறைய நாம் போடியிலிருந்து கம்பம் போய் வரும் தூரத்துக்குள் இருக்கின்றன. டுகாட்டி பைக் பிறந்த பொலோனியாவும் பக்கம்தான். வார்ப்புப் பட்டறை, கியர் வெட்டுகிறவர், தகடு தட்டுகிறவர், தொழில்நுட்பப் பள்ளி எல்லாம் பஸ் ஏறினால் போய்விடும் தூரம். ஒரு கம்பெனியில் சண்டை போட்டு வெளியே வந்த என்ஜினீயருக்கு அடுத்த தெருவில் வேலை கிடைக்கும்!

பானெட்டுக்குள்ள என்ன இருக்கு?

அப்படி ஃபெராரியிலிருந்து வெளியே வந்தவர்தான் ஜியோட்டோ பிட்சாரினி. அவரிடம் 12 சிலிண்டர் என்ஜின் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார் ஃபெருச்சியோ. 1963-ல் கார் கம்பெனி தொடங்கியது. அதே வருஷம் டூரின் கார் கண்காட்சிக்கு முதல் மாடலும் போனது.

பார்க்க வந்தவர்களுக்கு ஒரே ஒரு கண்டிஷன். பானெட்டைத் திறக்கச் சொல்லக் கூடாது! ஏன்? என்ஜின் அந்த பானெட்டுக்குள் அடங்கவில்லை. எடை சரியாக இருக்க உள்ளே செங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். புராஜெக்ட் எக்ஸ்போவில் கடைசி நிமிஷத்தில் ஓடாத மாடலைத் துணி போட்டு மூடி, 'சார், கான்செப்ட் மட்டும் சார்' என்று சமாளித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்க தனி ஆள் இல்லை பாஸ்!

ஆனால் அடுத்த வருஷமே கார் ஓடியது. 350 ஜி.டி. என்று பெயர். 1964-ல் செய்தது வெறும் 13 கார்கள். ஃபெராரியோடு விலையில் போட்டி போட, நஷ்டத்துக்குத்தான் விற்றார்கள். நஷ்டத்தைத் தாங்கிப் பிடித்தது யார்? வயலில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர்!

முப்பதைத் தொடாத நாலு பேர்!

ஃபெருச்சியோவுக்கு வேண்டியது நீண்ட தூரம் சொகுசாகப் போகும் கார். ரேஸ் பக்கமே போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவருடைய பொறியாளர்களுக்கோ ரேஸ் கிறுக்கு. ஜான் பாவ்லோ டலாரா, பாவ்லோ ஸ்டான்ஸானி, நியூசிலாந்திலிருந்து வந்த டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸ் - மூன்று பேரும் வேலை முடிந்தபின் ராத்திரியில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கார் போட ஆரம்பித்தார்கள். என்ஜினை முன்னால் வைக்காமல் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், அதுவும் குறுக்குவாட்டில் வைத்தார்கள். ரேஸ் காரின் உடம்பு, ரோட்டில் ஓட்ட லைசென்ஸ்!

முதலாளி பார்த்தார். விளம்பரத்துக்காவது ஆகட்டும் என்று பச்சைக்கொடி காட்டினார். 1965 டூரின் கண்காட்சியில் வெறும் எலும்புக்கூட்டை, அதாவது பாடி இல்லாத சேஸியை மட்டும் வைத்தார்கள். அதைப் பார்த்தே ஆர்டர் கொடுக்க ஆள் வந்தது! பெர்டோன் நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ கண்டினி அதற்கு உடம்பு கொடுத்தார். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் திரை விலகியது. மியூரா!

இன்று 'சூப்பர் கார்' என்று நாம் சொல்லும் வகைக்கே மியூராதான் பிள்ளையார் சுழி என்று கார் பிரியர்கள் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு அந்த நாலு பேரில் ஒருவர்கூட முப்பது வயதைத் தொடவில்லை. இதை மட்டும் அடிக்கோடு போட்டு வச்சுக்குங்க!

மாட்டுக்குப் பேர்... காருக்கும் பேர்!

ஃபெராரிக்குக் குதிரை. லம்போர்கினிக்கு ஏன் காளை? ஃபெருச்சியோ ரிஷப ராசி! (அவங்க ஊர் ராசிக் கணக்கில்தான்.) ஸ்பெயினில் சண்டைக் காளைகள் வளர்க்கும் மியூரா குடும்பத்தின் பண்ணைக்குப் போய் வந்தவர், அதில் சொக்கிப்போய்விட்டார். அப்புறம் இஸ்லேரோ, டியாப்லோ, முர்சியேலாகோ, அவென்டடோர் என்று காளைப் பெயர்கள் வரிசை கட்டின.

நமக்கு இது புதுசா என்ன? பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் வாடிவாசலைத் தாண்டி வரும் காளைக்கு மைக்கில் பெயர் சொல்லித்தானே வரவேற்கிறோம்! பிடிபடாத மாட்டின் பெயர் அடுத்த வருஷம் வரைக்கும் ஊர் வாயில் இருக்கும். அதே மேட்டரைத்தான் அவர்கள் பானெட்டில் ஒட்டி வைத்தார்கள்.

காளையை விட்டு ஒரு முறை சூப்பராகத் தடம் மாறினார்கள். 1971-ல் கண்டினி வரைந்த அடுத்த கார். ஆப்புமாதிரி கூர்மையான மூக்கு, கத்தரிபோல மேலே திறக்கும் கதவு. பார்த்தவர் வாயிலிருந்து பியட்மான்ட் வட்டாரப் பேச்சில் ஒரு ஆச்சரியச் சொல் வந்ததாம். அதையே பெயராக வைத்துவிட்டார்கள். கவுன்டாக்! நம்ம பாஷையில் சொன்னால், 'அடேங்கப்பா!' அந்தக் கார் 1974-லிருந்து 1990 வரை தயாரிப்பில் இருந்தது.

முதலாளி இறங்கிட்டார்!

உச்சத்தில் இருக்கும்போதே சறுக்கலும் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் டிராக்டர் தொழிலுக்கு அடி. தென்னாப்பிரிக்க இறக்குமதியாளர் ஆர்டரை ரத்து செய்தார். பொலிவியாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. புதிய அரசு, கப்பலேற ரெடியாக இருந்த பெரிய டிராக்டர் ஆர்டரை வேண்டாம் என்றது. எங்கேயோ ஒரு நாட்டில் ஆட்சி மாறினால் இத்தாலியில் ஃபேக்டரி ஆடுகிறது!

ஏலமலைக்காரர்களுக்கு இது நல்லாவே புரியும். 2019-ல் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே வந்து நின்றது. தோட்டத்தில் வேலை அதேதான். செடியும் அதேதான். விலை மட்டும் எங்கிருந்தோ வந்து ஆட்டிவிட்டுப் போகும்.

டிராக்டர் கம்பெனியை 'சேம்' என்ற இன்னொரு இத்தாலிய டிராக்டர் நிறுவனத்துக்கு விற்றார் ஃபெருச்சியோ. தாங்கிப் பிடித்த தூண் போனதும் கார் கம்பெனியும் ஆடியது. 1972-ல் 51 சதவிகிதப் பங்கு ஒருவருக்கு, 1974-ல் மீதி 49 சதவிகிதம் இன்னொருவருக்கு. தன் பெயர் எழுதிய கம்பெனியில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை! உம்ப்ரியா பகுதியில் ஏரிக்கரையில் நிலம் வாங்கி, திராட்சை பயிரிட்டு, ஒயின் செய்து, 1993-ல் 76-வது வயதில் காலமானார். திராட்சைத் தோட்டத்தில் பிறந்து, திராட்சைத் தோட்டத்துக்கே திரும்பிய வாழ்க்கை.

காளை மட்டும் கை மாறி மாறி ஓடியது. 1978-ல் திவால். 1980-களில் மிம்ரான் சகோதரர்கள். 1987-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர். 1994-ல் இந்தோனேசிய முதலீட்டாளர்களின் மெகாடெக். 1998-ல் ஜெர்மனியின் ஆடி. அங்கேதான் கால் ஊன்றியது. 2003-ல் வந்த கல்லார்டோ 14,000-க்கும் மேல் விற்றது. 2012-ல் டுகாட்டி பைக் கம்பெனியும் லம்போர்கினி வழியாகவே ஆடி குடும்பத்துக்குள் வந்தது. 2023-ல் முதல்முறையாக ஒரே வருஷத்தில் 10,000 கார்களைத் தாண்டியது லம்போர்கினி.

அதில் அதிகம் விற்றது எந்த மாடல் தெரியுமா? தாழ்வான சூப்பர் கார் இல்லை. 'உருஸ்' என்ற உயரமான எஸ்.யு.வி! ஆக, 'போடிமெட்டு ஏறுமா?' என்ற கேள்விக்கு பதில் கிடைச்சாச்சு. ஏறும். நம்ம ஜீப்பின் சாயலுக்கு வந்த பிறகு!

நம்ம பக்கத்துக் கதை!

'இதெல்லாம் இத்தாலியில நடக்கும். நம்ம ஊர்ல?' என்று கேட்பவர்கள் கோயம்புத்தூர் பக்கம் ஒரு எட்டு போய் வரலாம்.

பஞ்சாலை, பம்ப், வார்ப்புப் பட்டறை, லேத் பட்டறை என்று கோவையும் ஒரு குட்டி மோடெனாதான். அங்கே லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், ரேஸ் என்பது பணக்காரர்களின் இறக்குமதி விளையாட்டாகவே நின்றுவிடக் கூடாது என்று நினைத்தார். 1980-களின் இறுதியில், எல்லோர் தெருவிலும் நின்ற மாருதி 800 காரின் என்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். ஃபார்முலா மாருதி! செலவு குறைவு, பாகங்கள் கைக்கு எட்டும் தூரம். மோரிஸ் லாரி என்ஜினில் டிராக்டர் செய்த அதே மூளை இல்லையா இது?

1995-ல் ஒரு விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். ஆனால் ஃபார்முலா மாருதியில் ரேஸ் பழகிய கோவைப் பையன் ஒருவர் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் காரை இறக்கினார். அந்த இடத்துக்குப் போன முதல் இந்தியர், நரேன் கார்த்திகேயன். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு கரிவரதனின் பெயர்தான்... கரி மோட்டார் ஸ்பீடுவே.

இன்னும் ரெண்டு துணுக்கு. லம்போர்கினியின் டிராக்டர் பிராண்டை வைத்திருக்கும் அதே 'சேம்' குழுமம், டிராக்டர் ஃபேக்டரி போட்ட ஊர்களில் ஒன்று நம்ம ராணிப்பேட்டை. ஃபெராரிகளுக்குப் பல பத்தாண்டு காலம் உடம்பு வரைந்து கொடுத்த பினின்ஃபரினா நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்குவதாக 2015-ல் அறிவித்து, பிறகு வாங்கியும் விட்டது எந்தக் கம்பெனி? போடியிலிருந்து தினமும் மலையேறும் ஜீப்பின் மஹிந்திரா!

உங்க முன்னாடி இருக்கிற பெட்ரோல் விலை எது?

லம்போர்கினி கதையில் எல்லோரும் எடுத்துக்கொள்வது ஃபெராரி சவாலை. போஸ்டருக்கு அது நல்லா இருக்கும். ஆனால் அந்த ஆள் முதலில் கண்டுபிடித்தது வேகமான கார் இல்லை. பெட்ரோல் வாங்க முடியாத பக்கத்து வயல்காரருக்கு ஒரு வழி. அதில் கிடைத்த காசும் அனுபவமும்தான் 15 வருஷம் கழித்து 12 சிலிண்டராக உறுமியது.

போடியில் அரசு இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது. ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு காலேஜ் இருக்கிறது. ஏலக்காய் ஆன்லைன் ஏலம் இருக்கிறது. 2023 ஜூனில் அகல ரயில் பாதையில் ரயிலும் வந்துவிட்டது. எந்த வண்டியையும் பிரித்து மாட்டும் ஜீப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. காலேஜுக்கும் பட்டறைக்கும் நடுவேதான் பேச்சுவார்த்தை குறைவு. இறுதியாண்டு புராஜெக்ட்டை ரெடிமேடாக எங்கோ காசு கொடுத்து வாங்கிவரும் நண்பர்களே, ஒரு சனிக்கிழமை கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. பாடப் புத்தகத்தில் படித்த உராய்வு எப்படி வாடை அடிக்கும் என்று தெரிந்துவிடும்.

பிரச்னைக்குப் பஞ்சமா? மலையில் பறிக்கும் பச்சை ஏலக்காய் 100 கிலோ உலர்ந்தால் ஏறக்குறைய 20 கிலோதான் நிற்கும். மீதி அத்தனையும் தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்ட உலர்த்தும் ஸ்டோர்களில் ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும், சூடு காட்ட வேண்டும். 45-லிருந்து 55 டிகிரி அளவிலேயே சூடு நிற்க வேண்டும். ஏறினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலை போய்விடும். விறகு மூட்டியே இதைச் செய்யும் ஸ்டோர்கள் இன்றும் நிறைய. விறகுச் செலவைப் பாதியாக்கும் ஒரு அடுப்பு, சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன கன்ட்ரோலர், சரிவில் மூட்டையை இறக்க ஒரு வண்டி... 1948-ல் ஃபெருச்சியோவின் முன்னால் கிடந்த பெட்ரோல் பிரச்னை மாதிரியே இவையும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

பானெட்டுக்குள் முதல் தடவை செங்கல்தான் இருக்கும். பரவாயில்லை. அடுத்த வருஷம் என்ஜின் உட்கார்ந்துவிடும். என்றைக்காவது மலையில் ஒரு தோட்டக்காரர் நீங்க செய்த மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வார்.

'அடேங்கப்பா!'

பேர் வேண்டுமானால் அதையே வச்சுக்கலாம். இத்தாலிக்காரன் கோவிச்சுக்க மாட்டான்!